கேட்டல் தேர்வில் கேட்டலையும், வாசித்தல் தேர்வில் வாசித்தலையும் சோதியுங்கள்

மேல்நிலை மாணவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு நடத்தும் வாரியங்களுக்கும் வினாத்தாள் தயாரிக்கும் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிற ஆசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வினாத்தாள் தயாரிப்பதில் எனக்குப் பங்கு கிடையாது. ஆனால் அதில் வாங்கிய மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, "உனக்குக் கேட்டல் வரலை", "வாசிப்பு போதாது" என்று மாணவரிடம் சொல்லவேண்டியது நான்தான். பதினேழு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும். வீட்டிலும் நம்புவார்கள். சொல்லும் எனக்குத்தான் பல நேரம் அந்த மார்க்கில் நம்பிக்கை வருவதில்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே கேட்டல் வரவில்லையா, அல்லது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததால் ஸ்பீக்கர் கேட்கவில்லையா? வாசித்தது புரியவில்லையா, அல்லது பத்தி நீளமாக இருந்து நேரம் போதவில்லையா? வினாத்தாளைப் பார்த்தால் இதற்குப் பதில் தெரிவதில்லை.

கேட்டுப் புரிந்ததற்கும் படித்துப் புரிந்ததற்கும் மட்டும்தான் மார்க் போகவேண்டும். வேறு எதுவும் அந்த மார்க்கைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. என் கோரிக்கை இவ்வளவுதான். சின்னதாகத் தெரிகிற இந்தக் கோரிக்கைக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

முதலில் வாசித்தல். இந்த இரண்டு வரியைப் படியுங்கள்:

"நெடும்பன் ஒருவன் குரவியைத் தளுக்கிச் சிமட்டின் மேல் வைத்தான். கிழுவர் வந்ததும் அதை எடுத்து மடுப்பில் ஒளித்தான்."

இப்போது கேள்விகள். நெடும்பன் குரவியை எதன் மேல் வைத்தான்? சிமட்டின் மேல். யார் வந்ததும் ஒளித்தான்? கிழுவர் வந்ததும். எங்கே ஒளித்தான்? மடுப்பில். மூன்றுக்கு மூன்று வாங்கிவிட்டீர்கள். குரவி என்பது பறவையா பாத்திரமா என்று உங்களுக்குத் தெரியாது, நானே இட்டுக்கட்டிய எனக்கும் தெரியாது. கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருக்கிற சொல்லை எடுத்து எழுதினால் போதும். நம் ஆங்கில வினாத்தாள்களில் வரும் பத்திக் கேள்விகளை எடுத்து ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். எத்தனை கேள்விகள் இந்த வகையில் விழுகின்றன என்று எண்ணினால் சங்கடமாக இருக்கும். மாணவர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பத்தியைப் படிக்காமல் கேள்வியை முதலில் படித்து, பென்சிலால் சொல்லைத் தேடுகிற பழக்கத்தைப் பயிற்சி வகுப்புகளே சொல்லிக்கொடுக்கின்றன. அவர்களைக் குறைசொல்ல முடியாது. அப்படித் தேடினால் மார்க் வருகிறதே.

பத்தியைப் படித்தால்தான் விடை வரும் என்கிற கேள்வி எப்படி இருக்கும்? சாலையை அகலப்படுத்துவதைப் பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதியில், நெரிசலைக் குறைக்க இன்னும் ஒரு தடம் போட்டால் போதும் என்று அதிகாரிகள் நினைத்ததாக வருகிறது. அடுத்த பாதி 'ஹவெவர்' என்று தொடங்கி, புதுத் தடம் வந்ததும் அதுவரை வண்டியை வீட்டில் வைத்திருந்தவர்களும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், நெரிசல் பழையபடி ஆனது என்கிறது. "புதுத் தடம் ஏன் போட்டார்கள்?" என்று கேட்டால் அது தேடிப்பிடிக்கும் கேள்வி. "கீழ்க்கண்ட திட்டங்களில் எதை இந்தக் கட்டுரையாளர் எதிர்ப்பார்?" என்று கேட்டு, பத்தியில் இல்லாத ஒரு புது மேம்பாலத்தையும், பேருந்துச் சேவையைக் கூட்டுவதையும், சைக்கிள் பாதையையும் ஆப்ஷனாகக் கொடுத்தால், அந்த 'ஹவெவர்' என்ன வேலை செய்தது என்று புரிந்தவர் மட்டுமே மேம்பாலத்தைத் தேர்ந்தெடுப்பார். இப்படி ஒரு கேள்வி எழுத அரை மணி நேரம் ஆகலாம். தேடிப்பிடிக்கும் கேள்வி இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். உங்கள் குழுவுக்கு எவ்வளவு கால அவகாசம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று நாளில் மொத்த வினாத்தாளும் வேண்டும் என்று கேட்டால் யாராக இருந்தாலும் இரண்டு நிமிடக் கேள்விகளைத்தான் எழுதுவார்கள்.

ஆப்ஷன்கள் கதை தனி. நான்கு ஆப்ஷன் கொண்ட நாற்பது கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாகப் பத்து சரியாக வரும். இது கணக்கு, இதை ஒழிக்க முடியாது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, பத்தியை மட்டும் பார்க்காமல் குறிப்பவர் எத்தனை வாங்குகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? "காடுகளை அழிப்பது நல்லது என்று கட்டுரையாளர் கருதுகிறார்" என்கிற ஆப்ஷனை எந்த மாணவர் குறிப்பார்? மற்ற மூன்றும் ஒரு வரி, சரியான விடை மட்டும் ஒன்றரை வரி என்றால் எதைக் குறிப்பார்? அச்சுக்குப் போகுமுன் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். பத்திகளை நீக்கிவிட்டு, கேள்விகளையும் ஆப்ஷன்களையும் மட்டும், அந்தத் தேர்வை எழுதப் போகாத முப்பது பேரிடம் கொடுங்கள். பத்தியே இல்லாமல் பாதிப்பேருக்கு மேல் சரியாகக் குறிக்கிற கேள்வி வாசிப்பைச் சோதிக்கவில்லை. அதை எடுத்துவிடலாம். நான்காவது ஆப்ஷனுக்கு வழியில்லாமல் எதையாவது எழுதி நிரப்புவதற்குப் பதிலாக மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ராட்ரிகஸ் 2005-இல் சொன்ன முடிவும் அதுதான்: பெரும்பாலான தேர்வுகளுக்கு மூன்று ஆப்ஷன் போதும்.

அப்புறம், பத்தியின் பொருள். 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள் ஆனால் பேஸ்பால் தெரியாதவர்கள், வாசிப்பில் பின்தங்கியவர்கள் ஆனால் பேஸ்பால் தெரிந்தவர்கள் என்று எல்லா வகையும் அதில் இருந்தார்கள். ஆட்டம் தெரிந்த 'மோசமான' வாசகர்கள், ஆட்டம் தெரியாத 'நல்ல' வாசகர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். அதுவும் அவர்களுடைய தாய்மொழியில். இரண்டாம் மொழியில் படிக்கிற பிள்ளையிடம் பங்குச்சந்தையைப் பற்றியோ விமான நிலையத்துச் சோதனை நடைமுறைகளைப் பற்றியோ ஒரு பத்தியைக் கொடுத்தால், விமானம் ஏறிய பிள்ளைக்கும் ஏறாத பிள்ளைக்கும் நடுவே இருக்கிற தூரத்தைத்தான் அளக்கிறோம். எல்லோருக்கும் பொதுவான பொருள் என்று ஒன்று கிடையாதுதான். ஆனால் ஒரே வினாத்தாளில் நான்கைந்து பத்திகள் வரும்போது அவற்றின் பொருள்கள் ஒரே பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ள முடியும். குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்களாக இருந்தால் இந்தச் சாய்வு அவர்கள் கண்ணில் படவே படாது.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அகராதியின் துணையில்லாமல் ஒரு பத்தியை நன்றாகப் புரிந்துகொள்ள, அதில் நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்லறிவு ஆய்வாளர் பால் நேஷனும் அவரோடு ஆய்வு செய்தவரும் 2000-இல் கண்டார்கள். அதாவது 400 சொல் பத்தியில் எட்டுச் சொல் தெரியாமல் இருக்கலாம். இருபது சொல் தெரியாவிட்டால் திணறல் தொடங்கிவிடும். பாடநூல் ஒரு தரத்தில் இருக்க, தேர்வுப் பத்தியை மட்டும் செய்தித்தாள் தலையங்கத்திலிருந்து வெட்டி ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பத்தியைத் தேர்ந்தெடுத்ததும் பாடநூல் சொற்பட்டியலோடு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நேரக் கணக்கும் யாராவது போட்டுப் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் கதையல்லாத உரைநடையை மௌனமாக வாசிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 240 சொல். நம் மாணவர் அதில் பாதி வேகத்தில் படிக்கிறார் என்று வையுங்கள். 2,000 சொற்களை ஒருமுறை வாசிக்கவே பதினேழு நிமிடம் போய்விடும். கேள்விகளைப் படிக்க, திரும்பப் பத்திக்குப் போக, யோசிக்க எல்லாம் அதற்கு மேல். ஜப்பானின் பல்கலைக்கழக நுழைவுப் பொதுத்தேர்வில் ஆங்கில வாசித்தல் தாள் 80 நிமிடம். அதற்குள் 5,000 சொற்களுக்கு மேல் படிக்கவேண்டும். வேகமாக வாசிப்பதும் ஒரு திறன், அதைச் சோதிக்கிறோம் என்று அவர்கள் அறிந்தே செய்கிறார்கள். நாமும் அறிந்தே செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரும்பாலும் அப்படி யாரும் முடிவெடுப்பதில்லை. பத்தி நீண்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

இனி கேட்டல். வாசித்தலைவிட இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. இங்கே நடப்பதை நேரில் பார்க்கிறவன் நான்.

அறையின் முன்பக்கத்து மேசையில் ஒரு ஸ்பீக்கர். மூன்றாவது வரிசை வரை தெளிவாகக் கேட்கும். அதற்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் கலந்து, 'எஸ்', 'டி', 'எஃப்' போன்ற மெல்லிய மெய்யொலிகள்தான் முதலில் காணாமல் போகும். உயிரொலிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், கண்காணிப்பாளர் "கேக்குதா?" என்றால் எல்லோரும் "கேக்குது" என்றுதான் சொல்வார்கள். சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒருமையா பன்மையா, நிகழ்காலமா இறந்தகாலமா என்பதெல்லாம் சொல்லின் கடைசியில் வரும் அந்த மெல்லிய ஒலியில்தானே தொங்கிக்கொண்டிருக்கிறது? விசிறியை நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும். ஜன்னலைத் திறந்தால் தெருச்சத்தம். ஒரே ஒலிப்பதிவு, ஒரே வினாத்தாள், ஆனால் முதல் வரிசைக்கு ஒரு தேர்வு, கடைசி வரிசைக்கு வேறொரு தேர்வு.

இதை மற்ற நாடுகள் எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கின்றன என்று பாருங்கள். தென் கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வான சுனுங் நடக்கும் நாளில், ஆங்கிலக் கேட்டல் பகுதி ஓடும் நேரத்தையொட்டி நாடு முழுவதும் 35 நிமிடம் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிற விமானங்கள் வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்கும். 45 கேள்விகளில் 17 கேட்டல் கேள்விகள். அதற்காக ஒரு நாட்டின் வான்வெளியே வாயைப் பொத்திக்கொள்கிறது. ஜப்பான் 2006-இல் தேசிய நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டலைச் சேர்த்தபோது, ஸ்பீக்கர் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல், ஒவ்வொரு மாணவர் கையிலும் இயர்போனோடு ஒரு சின்ன ஒலிக்கருவியைக் கொடுத்தது. ஹாங்காங்கில் ஒலிப்பதிவை வானொலியில் ஒலிபரப்பி, மாணவர்கள் தங்கள் ரேடியோவில் இயர்போன் மாட்டிக் கேட்டு எழுதிய ஏற்பாடு பல ஆண்டுகள் நடந்தது. விமானத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. தேர்வுக்கு முதல்நாள் ஒவ்வோர் அறையிலும் கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து, மாதிரி ஒலிப்பதிவில் வரும் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதிப் பார்க்கட்டும். எழுத முடியாவிட்டால் அந்த அறையில் கேட்டல் தேர்வு நடத்தக்கூடாது என்று ஒரு விதி போடுங்கள். காசு செலவில்லாத விதி.

அறை சரியாக இருந்தாலும் ஒலிப்பதிவு சரியாக இருக்கவேண்டும். பல ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது, யாரோ எழுதி வைத்த கட்டுரையை வேறு யாரோ நிறுத்தி நிதானமாகப் படிப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். நிஜத்தில் ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'நெக்ஸ்ட் டே' என்று எழுதியிருப்பது பேச்சில் 'நெக்ஸ்டே' என்று ஒட்டிக்கொண்டு வரும். 'டிட் யூ' என்பது 'டிஜு' ஆகும். 'ஐ கேன் கோ' என்பதில் 'கேன்' கிட்டத்தட்ட 'க்ன்' அளவுக்குத் தேய்ந்துவிடும். 'கான்ட்' தேயாது, அழுத்தமாக நிற்கும். 'முடியும்', 'முடியாது' இரண்டையும் பழகிய காது பிரித்தறிவது பெரும்பாலும் அந்த அழுத்தத்தை வைத்துத்தான், கடைசியில் வரவேண்டிய 'ட்' பல நேரம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கேட்டல் திறன் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இவற்றையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு ஒலிப்பதிவு செய்தால், காதால் வாசிக்கிற ஒரு வாசித்தல் தேர்வைத்தான் நடத்துகிறோம்.

பேச்சில் தயக்கம் இருக்கும், சொன்னதைத் திருத்திச் சொல்வது இருக்கும். அவற்றிலிருந்தே நல்ல கேள்விகள் பிறக்கும். பயணம் போகிற ஒரு பெண் தோழியிடம், ஆறு பதினைந்து ரயிலில் போகலாம் என்றிருந்தேன், அதில் இடமில்லை, அதனால் ஆறு ஐம்பதுக்குத்தான் கிளம்புவேன் என்கிறாள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள் என்பது கேள்வி. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் காது பிரிக்கவேண்டும், முதலில் சொன்னதை அவள் மாற்றிக்கொண்டாள் என்பதும் புரியவேண்டும். அளவான கேள்வி, நியாயமான கேள்வி. இதற்கு மாறாக, மூன்று நிமிட உரை ஒன்றை ஓடவிட்டு, அதில் போகிறபோக்கில் வந்த நகரத்தின் பெயர் என்ன, இரண்டாவதாகப் பேசியவர் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார் என்றெல்லாம் கேட்கும் தாள்களையும் பார்க்கிறேன். தாய்மொழியில் கேட்டாலும் எனக்கு நினைவிருக்காது. அது ஞாபகசக்திப் போட்டி. கேள்விகளை ஒலிப்பதிவுக்கு முன்பே படிக்க நேரம் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்துதானே நாம் எல்லோரும் எதையும் கேட்கிறோம்.

ஒருமுறை ஓடவிடுவதா, இருமுறையா? நிஜ வாழ்க்கையில் ஒருமுறைதான் கேட்க வாய்க்கும் என்று ஒரு கட்சி. நிஜ வாழ்க்கையில் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்கலாமே, ஸ்பீக்கரிடம் எப்படிக் கேட்பது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஜப்பானின் இப்போதைய தேர்வு நடுவழியில் போகிறது: முற்பகுதியின் குறுகிய ஒலிப்பதிவுகள் இருமுறை, பிற்பகுதியின் நீண்டவை ஒருமுறை. நமக்கு அதுவும் சரிப்படும். ஒருமுறை மட்டும் என்று முடிவெடுத்தால், யாராவது இருமியதால் ஒரு மார்க் போகக்கூடாது என்ற பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

எழுத்துப்பிழைக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கேட்டல் தாளில் 'ரெஸ்டாரன்ட்' என்று விடை. மாணவி சரியாகக் கேட்டு, சரியாகப் புரிந்து, ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிடுகிறாள். மார்க் பூஜ்யம். ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்விலும் எழுத்துப்பிழைக்கு மார்க் கிடையாது என்று உடனே எடுத்துக்காட்டுவீர்கள். உண்மைதான். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பெரியவர்களுக்கான அந்தத் தேர்வு அப்படி வைத்திருக்கிறது என்பதால் பள்ளித் தேர்வும் அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. எழுத்துப்பிழையைத் திருத்த எழுதுதல் தேர்வுத்தாள் இருக்கிறது, அங்கே குறையுங்கள். படித்துப் பார்த்தால் எந்தச் சொல் என்று சந்தேகமில்லாமல் தெரிகிறதென்றால் மார்க் கொடுக்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி போதும்.

உச்சரிப்பும் பேசப்பட வேண்டியது. அலுவலக ஆங்கிலத்தைச் சோதிக்கும் டோயிக் தேர்வு 2006-லிருந்து அமெரிக்க, பிரிட்டிஷ், கனடிய, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளைக் கலந்து தருகிறது. உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள். அந்தக் குரல்களும் தேர்வில் ஒலிக்கலாம். ஆனால் வகுப்பில் ஒருநாளும் காதில் விழாத உச்சரிப்பைத் தேர்வன்று முதல்முறையாகக் கேட்கவைப்பது வம்பு. முதலில் பயிற்சிக்கான ஒலிப்பதிவுகளில் வரட்டும், பிறகு தேர்வில் வரட்டும்.

காது சரியாகக் கேட்காத மாணவர்களைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு நினைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. செவித்திறன் குறைவுக்குச் சிகிச்சையோ துணைக்கருவியோ தேவைப்படுகிறவர்கள் உலகில் 43 கோடிக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு, பல நேரம் அவருக்கே அது தெரிந்திருக்காது. விலக்கு அளித்து, மற்ற பகுதிகளின் மார்க்கைக் கொண்டு கணக்கிடுவதா, தனி அறையில் தனிக் கருவியோடு எழுதவிடுவதா, உதட்டசைவு தெரிய ஒருவர் நேரில் வாசிப்பதா என்பதைப் பாடத்திட்டம் வரும் அன்றே சொல்லிவிடுங்கள். சொற்களைச் சரியாகவும் சரளமாகவும் வாசிக்கத் திணறும் டிஸ்லெக்சியா மாணவர்களுக்கு வாசித்தல் தாளில் கூடுதல் நேரம் தருவதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வெளியே நன்றாக நடக்கிற தனியார் தேர்வுகள் இருக்கின்றனவே, அந்த மார்க்கை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஜப்பான் இதைச் செய்து பார்க்கக் கிளம்பியது. தனியார் ஆங்கிலத் தேர்வுகளைப் பல்கலைக்கழக நுழைவோடு இணைக்கும் திட்டம், கட்டணம் கட்ட முடியாதவர்களும் தேர்வு மையத்துக்குத் தொலைவில் இருப்பவர்களும் என்ன செய்வார்கள் என்ற எதிர்ப்பால், தொடங்க வேண்டிய சில மாதங்களுக்கு முன், 2019 நவம்பரில் தள்ளிவைக்கப்பட்டது. பணமும் தொலைவும் ஒருபுறம் இருக்கட்டும். டோயிக் போன்ற தேர்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்காக உருவானது. இன்வாய்ஸ், கூட்ட அறிவிப்பு, சரக்கு தாமதம் என்றுதான் அதில் வரும். மேலே சொன்ன பேஸ்பால் கதைதான், பந்துக்குப் பதில் இன்வாய்ஸ்.

அதே ஜப்பான் 2021-இல் இன்னொரு காரியம் செய்தது. அதுவரை எழுத்துத் தாளுக்கு 200, கேட்டலுக்கு 50 என்று இருந்ததை, வாசித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 என்று மாற்றியது. எந்தத் துறைக்கு எந்த விகிதம் என்பதைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் வாரியத்தின் பார்வையில் இரண்டும் சமம். மார்க் இல்லாததை வகுப்பில் நடத்த நேரம் கிடைக்காது என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். நான் ஒலிப்பதிவைப் போட்டால், "இது பரிட்சைக்கு வருமா சார்?" என்ற கேள்வி வந்துவிடும். 'கொஞ்சம் வரும்' என்றால் கொஞ்சம்தான் கேட்பார்கள். மொத்த மார்க்கில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டலுக்கு ஒதுக்கிவிட்டு, மாணவர்கள் ஆங்கிலம் கேட்டால் புரியாமல் விழிக்கிறார்கள் என்று கருத்தரங்கில் வருத்தப்படுவதில் என்ன பயன்? எத்தனை பங்கு என்பதைவிட முக்கியமாக நான் கேட்பது: மார்க் பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். ஆங்கிலம் 71 என்றால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. வாசித்தல் நன்றாக இருந்து கேட்டல் காலை வாரியதா, இல்லை அதற்கு நேர்மாறா என்று தெரிந்தால்தான் அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்க முடியும்.

(இடையில் ஒன்று: கேம்பிரிட்ஜ் 1913-இல் பிற மொழியினருக்கென முதல் ஆங்கிலத் தேர்வை நடத்தியபோது அது பன்னிரண்டு மணி நேரம் நீண்டது. எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவரும் தேறவில்லை. அந்தத் தேர்விலேயே சொல்வதைக் கேட்டு எழுதுதல், உரக்க வாசித்தல், உரையாடல் எல்லாம் இருந்தன. ஆக, கேட்டலைச் சேர்க்க இன்னும் காலம் கனியவில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தேர்ச்சி விகிதத்தை மட்டும் சொல்லாதீர்கள்.)

கடைசியாக, தேர்வு முடிந்த பிறகு நடக்காத ஒன்று. விடைத்தாள்கள் திருத்தியதும் முடிவு வரும், முதலிடம் யார் என்று செய்தி வரும், அப்புறம் அந்த வினாத்தாளை எல்லோரும் மறந்துவிடுவோம். ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதிய விடைகள் அந்த வினாத்தாளைப் பற்றியும் நிறையச் சொல்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரியாகக் குறித்தார்கள், மொத்தத்தில் மேலே இருக்கும் 27 சதவீதத்தினர் அதில் எப்படிச் செய்தார்கள், கீழே இருக்கும் 27 சதவீதத்தினர் எப்படிச் செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் 1930-களிலிருந்தே இருக்கிறது. மேலே இருப்பவர்கள் தவறவிட்டு கீழே இருப்பவர்கள் சரியாகக் குறித்த கேள்வி என்றால், பெரும்பாலும் கோளாறு கேள்வியில்தான். விடைக்குறிப்பே தப்பாக இருக்கலாம், இரண்டு விடை சரியாக இருக்கலாம். யாருமே குறிக்காத ஆப்ஷன் என்றால் அது வெறும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மையத்தில் வாசித்தல் மார்க் எப்போதும்போல இருந்து, கேட்டல் மார்க் மட்டும் சரிந்திருந்தால், அந்த அறையின் ஸ்பீக்கரைப் போய்ப் பாருங்கள். விடைகள் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் இடங்களில் இது ஒரு பிற்பகல் வேலை.

அந்தக் கணக்கைப் போட்டு, கேள்விவாரியாகப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். கேட்டல் ஒலிப்பதிவையும் அதன் எழுத்து வடிவத்தையும் தேர்வு முடிந்த வாரமே எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். இப்போது பல இடங்களில் வினாத்தாள் மட்டும் கிடைக்கிறது, ஒலிப்பதிவு கிடைப்பதில்லை. மாணவர் தவறவிட்ட இடத்தைத் திரும்ப ஓடவிட்டு, "இங்கேதான் நழுவிப்போச்சு, இன்னொருமுறை கேள்" என்று காட்ட எனக்கு அது வேண்டும். பத்தியை மறைத்துக் கேள்விகளைச் சோதிப்பது, கடைசி வரிசைச் சோதனை, எழுத்துப்பிழைக்கான ஒரு வரி, இந்த மூன்றும் அடுத்த தேர்வுக்குள்ளேயே முடிகிற காரியங்கள். மார்க் விகிதமும் இயர்போனும் அதற்கடுத்த ஆண்டு ஆனாலும் பரவாயில்லை. மாதிரி வினாத்தாளைப் பத்தியில்லாமல் முப்பது பேரிடம் கொடுத்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், ஆங்கில ஆசிரியர்களைக் கேளுங்கள். விடுமுறை நாளானாலும் வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு ஆங்கில ஆசிரியர் ஒருவர்